ஓடைக்குத் தெற்கு

(குடும்பக் குழு: அப்பத்தா வீடு)

மீனா சித்தி, காலை 5:48
எல்லாரும் எந்திரிச்சாச்சா? ராத்திரி பூராம் தூக்கமில்ல. ஹாலுக்குள்ள தண்ணி வந்துருச்சு. பிரிட்ஜைக் கட்டில் மேல ஏத்தி வச்சிருக்கோம். கரண்டு இல்ல. போன்ல சார்ஜும் கம்மியா இருக்கு

கார்த்திகா, 5:55
ஆத்தி! அப்பத்தா எங்க சித்தி?

மீனா சித்தி, 5:57
மாடி ரூம்ல. கீழ இறங்க மாட்டேன்னுட்டாங்க. "அப்பவே சொன்னேன், அப்பவே சொன்னேன்"னு ஒரே புலம்பல். என்னத்தச் சொன்னாங்கன்னு கேட்டா பதில் இல்ல

முருகேசன் பெரியப்பா, 6:20
பேஞ்சது லேசுப்பட்ட மழையா? வானம் பொத்துக்கிட்டுல ஊத்துச்சு. இங்க திருநகர்லயும் விடிய விடிய அடிச்சுச்சு. இயற்கைப்பா. யாரையும் குத்தம் சொல்ல முடியாது 🙏

பிரபு, 6:24
உங்க வீட்டுக்குள்ள வந்துச்சா பெரியப்பா?

முருகேசன் பெரியப்பா, 6:24
வரல

பிரபு, 6:25
ரெண்டு பக்கமும் அதே மழைதான பெரியப்பா?

முருகேசன் பெரியப்பா, 6:31
சிவில் படிச்சுட்டா எல்லாத்துக்கும் வாய்க்காலத்தான் சொல்லுவியா? 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டி பேஞ்சுச்சே, அதை எந்த வாய்க்கா தாங்கும்? சொல்லு

பிரபு, 6:40
95 பேஞ்சா எதுவும் தாங்காது, அத ஒத்துக்கிறேன். ஆனா 2024 அக்டோபர் 25ல நம்ம மதுரையில பேஞ்சது 10 சென்டி பக்கம்தான். அதுக்கே செல்லூர், ஆலங்குளம், முல்லை நகர் எல்லாம் முழங்காலுக்கு மேல நின்னுச்சுல்ல

பிரபு, 6:46
கணக்கு சொல்றேன். ஒரு சென்ட் இடத்துல 10 சென்டி மழை பேஞ்சா 4,000 லிட்டர். சித்தி வீடு 3 சென்ட், அப்ப 12,000 லிட்டர். ஒரு லாரித் தண்ணி. அவங்க தெருவுல 40 வீடு, 40 லாரி. முன்னாடி வாசல்ல மண்ணு கெடந்தப்ப அதுல கொஞ்சம் உள்ள இறங்கும். இப்பத் தெரு பூராம் பேவர் பிளாக்கு, சிமெண்டு. மொத்தமும் ரோட்டுக்குத்தான் வரும்

மீனா சித்தி, 6:50
ரோட்டுக்கு எங்க வருது. வீட்டுக்குள்ளல்ல வருது. கட்டுனப்ப மூணு படி ஏறி உள்ள போவோம். இப்ப ரெண்டு படி இறங்கணும். ரோடு போட்டாப் போட்டதுக்கு மேலேயே போடுறாங்க

கார்த்திகா, 6:53
சுரண்டிட்டுத்தான் போடணும்னு 2021லயே தலைமைச் செயலரா இருந்த இறையன்பு சொன்னாருல்ல

மீனா சித்தி, 6:54
எங்க தெருவுல மூணு மாசம் முன்னாடி போட்டாங்க. சுரண்டுற மிஷினு கண்ணுலயே படல. கேட்டதுக்கு "அடுத்த தடவை பாத்துக்கலாம்"னாரு ரோடு போடுறவரு

முருகேசன் பெரியப்பா, 7:05
சரி ரோடு தப்பு. ஆனா அந்தப் பக்கம் எப்பவுமே தாழ்வுதான

பிரபு, 7:12
ஏன் தாழ்வு? சாத்தையாறு அணையில இருந்து குலமங்கலம் பக்கம் வரிசையா கண்மாய். ஒண்ணு நிறைஞ்சு மறுகால் பாஞ்சா அடுத்ததுக்கு. கடைசியில செல்லூர் கண்மாய், பந்தல்குடி வாய்க்கால், வைகை. தண்ணி அதே வழியிலதான் இப்பவும் வருது. நடுவுல நம்ம வீட்டக் கட்டிட்டோம். நம்மள மட்டும் சொல்லல. தல்லாகுளம் கண்மாயிலதான் மாநகராட்சி ஆபீஸு, உலகனேரியில ஹைகோர்ட் கிளை

முருகேசன் பெரியப்பா, 7:13
குரூப்புல அரசியல் வேணாம்

(10:40 வரைக்கும் யாரும் ஒண்ணும் போடல.)

மீனா சித்தி, 10:40
வெயில் வந்துருச்சு. பீரோ அடித்தட்டுல இருந்த வீட்டுப் பத்திரம் நனைஞ்சு போச்சு. தாள் தாளாப் பிரிச்சு மாடியில காயப்போட்டுக்கிட்டு இருக்கேன். ஒவ்வொண்ணு மேலயும் ஒரு உருளைக்கிழங்கு, காத்துல பறக்காம இருக்க

மீனா சித்தி, 10:52
சொத்து விவரத்துல எல்லை போட்டிருக்கு. "கிழமேல் ஓடைக்குத் தெற்கு, 20 அடி தென்வடல் பாதைக்கு மேற்கு"ன்னு. இம்புட்டு வருசமா இத நாங்க படிச்சதே இல்ல

பிரபு, 10:53
வடக்க இப்ப என்ன இருக்கு சித்தி?

மீனா சித்தி, 10:54
தார் ரோடு. ஓரத்துல ஒன்றரை அடிச் சாக்கடை, சிலாப் போட்டு மூடினது

முருகேசன் பெரியப்பா, 10:58
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முருகேசன் பெரியப்பா, 11:01
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முருகேசன் பெரியப்பா, 11:15
1998ல அந்த இடத்த முடிச்சுக் குடுத்தது நான்தான். அப்ப அது கருவேல முள்ளாக் கெடந்துச்சு. தண்ணி ஓடி நான் பாத்ததில்ல. பக்கத்து மனையவிட விலை கம்மியா இருந்துச்சு. ஏன் கம்மின்னு கேக்காம விட்டுட்டேன். அம்மா மட்டும் வேணாம்னு சொன்னாங்க

மீனா சித்தி, 11:17
உங்களச் சொல்லல மாமா. வாசல்ல நின்ன வேம்ப வெட்டிட்டுச் சிமெண்டு போட்டது நாங்கதான

செல்வம் சித்தப்பா, 11:30
அண்ணே, நீங்க அனுப்புன மோட்டார் வந்து சேந்துருச்சு

செல்வம் சித்தப்பா, 11:34
தண்ணிய எங்குட்டு இறைக்கிறதுன்னுதான் தெரியல. ரோட்டுல விட்டா எதுத்த வீட்டுக்குள்ள போகுது. அவங்க வாசல்ல வெளக்கமாத்தோட நிக்குறாங்க