ரீஃப் டேங்குக்கு எல்இடி லைட் தேர்ந்தெடுத்த அனுபவங்கள்

சிங்கப்பூர், செங்காங்:

மூன்றடி ரீஃப் டேங்குக்கு, அதாவது பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டிக்கு, எந்த எல்இடி வாங்கலாம் என்று பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் டேங்கில் பார்த்ததை எழுதுகிறேன். நீங்களும் உங்கள் டேங்கில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள், புதிதாக வருபவர்களுக்கு உதவும்.

என்னுடையது மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். உள்ளே இருக்கும் பவளங்கள் சோவாந்தஸ், மஷ்ரூம், ஹாமர், டார்ச், மேல் பாறையில் கொஞ்சம் மான்டிபோரா. முன்பு நான்கு 39 வாட் டி5 குழல்கள் (மெல்லிய டியூப் லைட்) எரிந்தன. வெளிச்சம் அருமையாகப் பரவும், ஆனால் வருஷா வருஷம் குழல் மாற்ற வேண்டும். நல்ல குழல் கிடைப்பதும் குறைந்துவிட்டது. அதனால் எல்இடிக்குப் போகலாம் என்று முடிவெடுத்தேன்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு பார் மீட்டரை வாடகைக்கு எடுத்தேன். பார் என்பது 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ள ஒளி எவ்வளவு விழுகிறது என்ற கணக்கு. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசி ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துவது இந்த ஒளியைத்தான். போனில் இருக்கும் லக்ஸ் ஆப் இதற்கு உதவாது. லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு. பச்சையும் மஞ்சளும் அதில் தூக்கலாகத் தெரியும், நீலம் அமுங்கிப் போகும். ரீஃப் லைட்டில் பெரும்பங்கு நீலம்தானே! பழைய பார் மீட்டர்கள் சிலவும் எல்இடி நீலத்தைக் குறைத்துக் காட்டும். அபோஜியின் எம்க்யூ-510 தண்ணீருக்குள் எல்இடியை அளக்கவே செய்தது, கிடைத்தால் அதை எடுங்கள்.

நண்பர் ஒருவரிடம் இருந்த பெரிய ஒற்றை லைட்டை முதலில் டேங்கின் நடுவில் தொங்கவிட்டுப் பார்த்தேன். நேர் கீழே, பாறை உச்சியில் 320. அதே உயரத்தில் இடது ஓரத்துக்குப் போனால் 70. மணலில் மூலையில் 35. கண்ணுக்கு டேங்க் முழுக்கப் பளிச்சென்றுதான் இருந்தது. அப்புறம் அதே வகையில் சின்ன லைட் இரண்டை ஓரடி இடைவெளியில் வைத்தேன். உச்சியில் 210, ஓரங்களில் 120, மணலில் 75 முதல் 90 வரை. அங்கேயே முடிவாகிவிட்டது. இரண்டும் சேர்ந்து நான் வைத்திருக்கும் அமைப்பில் 110 வாட்தான் இழுக்கின்றன.

மீட்டர் கையில் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். சென்சாரைப் பாறையின் முன்பக்கம் பிடித்து, அப்படியே நாலு விரல் தள்ளிப் பாறைக்குப் பின்னால் கொண்டுபோங்கள். எனக்கு 210 என்று இருந்தது 60-க்கு விழுந்தது. எல்இடி ஒரு சின்னப் புள்ளியிலிருந்து வருகிற வெளிச்சம், அதனால் நிழல் கூர்மையாக விழும். பெரிதாக வளர்ந்த பவளத்தின் அடிப்பகுதி செத்துக்கொண்டே வருவதற்கு இந்த நிழலும் ஒரு காரணம். எத்தனை வாட் என்பதைவிட எத்தனை இடத்திலிருந்து வெளிச்சம் வருகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அளவு எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டால், மஷ்ரூம், லெதர் மாதிரி மென்பவளங்களுக்கு 50 முதல் 100 போதும். ஹாமர், டார்ச், டங்கனுக்கு 80 முதல் 150. அக்ரோபோரா மாதிரி கிளைவிடும் கடினப் பவளம் வைக்க ஆசைப்பட்டால் 200-க்கு மேல் வேண்டும். 350-ஐத் தாண்டி ஏற்ற அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நேரமும் கணக்கில் உண்டு. 250 பார் 8 மணி நேரம் எரிந்தாலும் 180 பார் 11 மணி நேரம் எரிந்தாலும் நாள் முழுதும் விழும் மொத்த ஒளி ஏறக்குறைய ஒன்றுதான். மெதுவாகக் கூட்டி மெதுவாகக் குறைக்கிற அமைப்பில் உச்ச நேரத்தை மட்டும் எண்ணுங்கள்.

நிற விஷயத்தில் நான் நீலத்தின் பக்கம். கடல் நீர் சிவப்பை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடுகிறது, ஆழம் போகப் போக மிஞ்சுவது நீலம். 400 முதல் 480 நானோமீட்டர் வரை உள்ள பகுதியை நுண்பாசியின் பச்சையம் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். எல்இடியில் இந்த வசதியே நீல எல்இடி வந்த பிறகுதான். 1990-களில் ஜப்பானில் அதைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமனோ, நாகாமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. எங்கள் வீட்டு டேங்க் இரவில் ஒளிர்வதைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் மேல் எனக்கு நன்றியுணர்வு வரும்.

புது லைட்டை முழு வேகத்தில் போடக் கூடாது. 40 சதவீதத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 சதவீதம் என்று ஏற்றினேன். ஹாமர்தான் எனக்கு வழிகாட்டி. நன்றாக ஊதி விரிந்திருந்தால் அடுத்த படி. சுருங்கி, நிறம் வெளிறினால் அந்த வாரம் ஏற்றுவதில்லை. வெளிச்சம் போதாவிட்டால் நிறம் பழுப்பாகும், உள்ளே பாசி பெருகுவதால். ஆனால் பழுப்பாவதற்கு நைட்ரேட் கூடுவதும் காரணமாக இருக்கலாம், அதையும் சோதித்துவிட்டு லைட்டில் கைவையுங்கள்.

*

மலேசியா, கிள்ளான்:

அண்ணன் சொன்ன பரவல் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. நான் விலை குறைந்த கறுப்புப் பெட்டி லைட் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் எல்லோராலும் ரேடியான், கெஸ்ஸில் மாதிரி விலை கூடிய பிராண்டு லைட்டை வாங்க முடியாது.

என் மச்சான் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த பெட்டியில் 165 வாட் என்று அச்சிட்டிருந்தது. பிளக்கில் மீட்டர் போட்டுப் பார்த்தால் முழு வேகத்திலும் நூற்றுச் சொச்சம்தான். ஆனால் இரண்டடி டேங்குக்கு அது தாராளம். வெள்ளை ஒளிக்கான திருகு குமிழை 15 சதவீதத்திலும் நீலத்தை 60-லும் வைத்தேன், லெதரும் சோவாந்தஸும் செழித்து வளர்ந்தன. பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. மின்விசிறி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது, பிறகு ஒரு டிரைவர் (எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராகக் கொடுக்கும் பாகம்) கெட்டுப்போய் நீலம் பாதி அணைந்தது. விற்ற கடையில் உத்தரவாதம் என்று எழுதியிருந்தும் பதில் வரவில்லை. டிரைவரைத் தனியாக வாங்கி மாற்றிக்கொண்டேன், சாலடரிங் தெரிந்தவர்களுக்கு அது பெரிய வேலையில்லை. தெரியாதவர்கள் உதிரிப் பாகம் உள்ளூரில் கிடைக்கிற லைட்டாகப் பார்த்து வாங்குங்கள், கொஞ்சம் கூடுதல் விலை ஆனாலும்.

இன்னொன்று, உப்பு. தண்ணீரின் மேல் குமிழிகள் உடையும்போது தெறிக்கும் துளிகள் லென்ஸில் காய்ந்து, பால் ஏடு மாதிரி ஒரு படலம் கட்டும். கீழே நின்று பார்த்தால் தெரியாது. லைட்டை அணைத்து, ஆறவிட்டு, கழற்றிச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஆர்ஓ தண்ணீரில் (வடிகட்டிய உப்பில்லாத தண்ணீர்) நனைத்த மென்துணியால் துடைத்ததும் அதே இடத்தில் பார் 115-லிருந்து 140-க்குப் போனது. லைட் பழசாகிவிட்டது என்று நினைத்து மாற்றுவதற்கு முன்னால் துடைத்துப் பாருங்கள்.

*

கனடா, ஸ்கார்பரோ:

எனது நாலடி டேங்கில அக்ரோபோராதான் அதிகம். இரண்டு எல்இடி நடுவில, முன்னும் பின்னும் ஒவ்வொரு டி5 குழல். எல்இடி மட்டும் இருந்த காலத்தில் கிளைகளின் கீழ்ப்பக்கம் நிறமில்லாமல் கிடந்தது. குழல் போட்ட பிறகு அங்கேயும் நிறம் பிடித்தது. தண்ணீரில் மினுமினுப்புக் கொஞ்சம் குறையும், எனக்கு அது பரவாயில்லை. அக்ரோ வைக்கிற ஆக்கள் இதையும் யோசியுங்கோ.

*

சென்னை, பெரம்பூர்:

எல்லோருக்கும் வணக்கம். இந்தியாவிலிருந்து படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பவளத்துக்கு லைட் தேடுவதற்கு முன்னால் சட்டத்தைப் பாருங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-லேயே கடினப் பவளங்கள், கடல் விசிறி, கரும்பவளம், நெருப்புப் பவளம் எல்லாம் வந்துவிட்டன. புலி இருக்கிற அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். 2010, 2016 என்று கடல் சூடேறிய ஆண்டுகளில் மிஞ்சியதும் வெளிறியது. யாராவது 'உள்ளூர் பீஸ்' என்று காட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

நான் பவளமே இல்லாமல் டேங்க் நடத்துகிறேன். ஒரு ஜோடி க்ளவுன் மீன், ராயல் கிராமா மீன், கூடவே கடற்பாசி. காட்சி டேங்குக்குச் சாதாரண வெள்ளை-நீல எல்இடி போதும். நான் பணம் போட்டது சம்ப்பில், அதாவது கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டியில், வளரும் கீட்டோமார்ஃபா பாசிக்கான லைட்டில். அதற்கு சிவப்பு தூக்கலான, செடி வளர்க்கிற எல்இடி வேண்டும், 660 நானோமீட்டர் சிவப்பு இருந்தால் பாசி கொத்துக் கொத்தாக வளரும். அதை அறுத்து எறியும்போது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதோடு வெளியே போகின்றன. மேல் டேங்க் அணைந்த பிறகு சம்ப் லைட்டைப் போடுகிறேன். இரவில் கரியமில வாயு கூடி பிஎச் இறங்கும். கீழே பாசி அதை இழுத்துக்கொள்வதால் இறக்கம் குறைகிறது.

அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. எல்இடிக்கு மாறினால் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வேண்டாம் என்று கடையில் சொல்கிறார்கள், உண்மையா? சித்திரை வெயிலில் என் தண்ணீர் 31 டிகிரி தொடுகிறது.

*

சிங்கப்பூர், செங்காங்:

தம்பி, சட்ட விஷயம் எழுதியதற்கு ரொம்ப நன்றி. இங்கேயும் கடினப் பவளம் சைட்டிஸ் என்ற சர்வதேச உயிரின வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருவதால் அனுமதியோடு இறக்குமதியானதுதான் வாங்க வேண்டும். தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டு கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

சில்லர் பற்றி: மெட்டல் ஹாலைடு என்ற பழைய வகை விளக்குகள் இருந்த காலத்தில் விளக்கே தண்ணீரைச் சுட வைக்கும், எல்இடியில் அந்தச் சூடு பெரும்பாலும் மேலே ஹீட் சிங்க் என்ற உலோகத் தகடு வழியாக அறைக்குள் போகும். ஆனால் அறையே 33 டிகிரி என்றால் லைட் மாற்றியதால் தண்ணீர் குளிராது. முதலில் மேற்பரப்பில் காற்றடிக்கிற மின்விசிறி இரண்டு வைத்துப் பாருங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீரைத் தினமும் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. சென்னை ஈரப்பதத்தில் அது போதவில்லை என்றால் சில்லர்தான் வழி. 27-க்குள் நிறுத்தினால் மீன்களுக்கு நிம்மதி.