சினைக் கப்பி மீனை பிரீடிங் பாக்ஸில் போடலாமா?

மதுரை_தொட்டி:
வணக்கம். இரண்டடித் தொட்டியில் ஃபுல் ரெட் என்ற சிவப்பு ரகக் கப்பி இரண்டு ஆண், நான்கு பெண் விட்டிருக்கிறேன். ஒரு பெண்ணுக்கு வயிறு பெருத்து, பின்பக்கம் கறுப்பாகத் தெரிகிறது. குட்டி போடும்வரை தாயைத் தனியாக விட, கடையில் பிரீடிங் பாக்ஸ் என்று சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று கொடுத்தார்கள். எப்போது அதில் மாற்ற வேண்டும்? தொட்டியில் இருப்பது ஆர்.ஓ. தண்ணீர். போர் தண்ணீரில் உப்பு படிகிறது, அதனால் ஊற்றவில்லை. குட்டிகளுக்கு முட்டை மஞ்சள் கரு போதுமா?

வேலூர்_மாலி:
இப்போதே மாற்றிவிடுங்கள் சார். தாய் மீனே குட்டியைத் தின்றுவிடும். நான் வளர்க்கிற மாலி மீன்களுக்கு டப்பாதான்.

குளத்தூர்_மொட்டைமாடி:
தம்பி, டப்பா வேண்டாம். கப்பி ஓடித் திரிகிற மீன். கையகல இடத்தில் அடைத்தால் மிரண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொண்டே இருக்கும். அந்த மிரட்சியில் நாள் ஆகும் முன்பே குட்டி போட்டுவிடும். அப்படி விழுகிற குட்டி, வயிற்றில் மஞ்சள் கரு ஒட்டியபடி அடியிலேயே கிடக்கும். பிழைப்பது அரிது.

தாய் தின்னும் என்று வேலூர் நண்பர் சொல்வது உண்மைதான். அதற்கு மருந்து பாசி. தொட்டியின் ஒரு மூலையை ஜாவா மாஸ் என்ற பாசியால் நிரப்புங்கள், மேலே ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி மிதக்கட்டும். பிறந்த குட்டி ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, கண்தான் பெரிதாகத் தெரியும். விழுந்த வேகத்தில் பாசிக்குள் புகுந்துகொள்ளும். ஒன்றுகூட போகக் கூடாது என்றால், பாசி போட்ட தனித் தொட்டியில் தாயை விட்டு, போட்டு முடித்ததும் தாயை எடுத்துவிடுங்கள்.

மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும். நாள் நெருங்கும்போது பக்கவாட்டில் பாருங்கள்: உருண்டையாக இருந்த வயிறு சதுரமாக இறங்கியிருக்கும். தீனிக்கு வராமல் மூலையில் ஒதுங்கி நின்றால் அன்றோ மறுநாளோ போட்டுவிடும்.

முக்கியமான விஷயம் தண்ணீர். கப்பி, மாலி, பிளாட்டி மூன்றுமே கடினத் தண்ணீர் மீன்கள், பிஎச் 7 முதல் 8 வரை இருக்கலாம். ஆர்.ஓ.வில் கால்சியமும் மெக்னீசியமும் போய்விடும். துடுப்பை மடக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆடும் மீனைப் பார்த்தால் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்படுவேன். வாளியில் வெள்ளையாகப் படிகிற சாதாரண போர் தண்ணீர் இவற்றுக்கு நல்லது. ஆனால் ஒரேயடியாக மாற்றாதீர்கள். வாரம் இருமுறை ஐந்தில் ஒரு பங்கு எடுத்துவிட்டு போர் தண்ணீர் ஊற்றுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் குளோரினை முறித்துவிட்டு ஊற்ற வேண்டும்.

மஞ்சள் கரு வேண்டவே வேண்டாம், தண்ணீர் நாறிவிடும். ஆர்ட்டீமியா என்கிற பொடி இறால் வகையின் முட்டையை வாங்கி, குஞ்சு பொரிக்க வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் கல் உப்பு, அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, அடியிலிருந்து ஏர் பம்ப் காற்று. நம் ஊர் வெப்பத்துக்கு ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். காற்றை நிறுத்தி அடியில் டார்ச் காட்டுங்கள்: வெறும் முட்டைக்கூடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிச்சத்துக்கு இறங்கும். மெல்லிய டியூபால் உறிஞ்சி, துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். தின்றவுடன் கப்பிக் குட்டியின் வயிறே ஆரஞ்சாகத் தெரியும். அதைப் பார்க்கிற சுகமே தனி.

வேலூர்_மாலி:
ஆர்ட்டீமியா விலை கட்டுபடியாகாது அண்ணா. தீனி உருண்டையைப் பொடித்தே போடுகிறேன், நன்றாகத்தான் வருகிறது.

குளத்தூர்_மொட்டைமாடி:
மாலிக்குச் சரி, அது பாசியும் மேயும். ஃபுல் ரெட்டுக்கு முதல் இரண்டு வாரமாவது உயிர்த்தீனி கொடுங்கள், வாலின் அகலத்தில் வித்தியாசம் தெரியும். அப்புறம் பொடி போதும்.

மதுரை_தொட்டி:
மிக்க நன்றி அண்ணா. குட்டிகள் எல்லாம் சிவப்பாகவே வருமா?

குளத்தூர்_மொட்டைமாடி:
இந்த முறை உறுதி சொல்ல முடியாது. கப்பிப் பெண் ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தை மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்து, அடுத்தடுத்து குட்டி போடும். கடையில் எந்த ஆணோடு இருந்ததோ. ரகம் சுத்தமாக வேண்டுமென்றால் பிறக்கும் குட்டிகளை மூன்றாவது வாரத்திலிருந்து கவனியுங்கள். ஆணுக்கு அடித்துடுப்பு விசிறி போல விரியாமல் குச்சி போலக் கூராகும். அது தெரிந்தவுடன் ஆணை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். பெண்கள் ஆணோடு சேராமல் வளரட்டும். பிறகு நீங்கள் தேர்ந்த சிவப்பு ஆணை அவற்றோடு விடுங்கள். கழித்த மீன்களைக் கண்மாயில் கொட்டாமல் கடைக்கோ தெரிந்த பிள்ளைகளுக்கோ கொடுங்கள்.