பெங்களூரில் கார், மஸ்கட்டில் வாங்குபவர்: சாவியை எப்போது கொடுக்கலாம்?

கே.ஆர்.புரம் வாசி:
வணக்கம். என்னுடைய 2019 பெட்ரோல் ஐ20, கேஏ-53 பதிவு, கடன் பாக்கி இல்லை. 6,40,000 ரூபாய்க்குப் பேசி முடித்தாயிற்று. வாங்குபவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிற தமிழர். வண்டி ஓசூரில் இருக்கும் அவருடைய அப்பாவுக்காம். "ஸ்விஃப்ட்ல பணம் போட்டுட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பியிருக்கிறார். அதில் 6,90,000 என்று இருக்கிறது. கூடுதலான 50,000 ரூபாயை வண்டி எடுக்க வரும் டிரான்ஸ்போர்ட் ஆளுக்கு ஜிபே பண்ணிவிடச் சொல்கிறார். சனிக்கிழமை ஆள் வருகிறார். என் கணக்கில் இன்னும் ஒன்றும் ஏறவில்லை. என்ன செய்வது?

கவுண்ட்டர் எண் 3:
வண்டியையும் விடாதீங்க, அந்த 50,000-ஐயும் அனுப்பாதீங்க சார். பெங்களூரிலிருந்து ஓசூர் 40 கிலோமீட்டர். ஒரு டிரைவர் ஓட்டிக்கொண்டு போய்விடுவார், அதற்கு எதற்கு ஐம்பதாயிரம்? விலைக்கு மேல் பணம் அனுப்பி மிச்சத்தை இன்னொருவருக்குத் தள்ளிவிடச் சொல்வது பழைய மோசடி. வருவதாகச் சொன்ன பணம் வராது, நீங்கள் அனுப்பியது மட்டும் நிஜமாகப் போயிருக்கும்.

ஸ்விஃப்ட் என்பது நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் முறை. அதன் நகல் பணம் அனுப்பச் சொன்னதற்கான தாள், பணம் வந்து சேர்ந்ததற்கான சான்று அல்ல. பிடிஎஃப்-ஐத் திருத்த ஐந்து நிமிடம் போதும். உண்மையான நகலாகவே இருந்தாலும், வழியில் நின்றுபோகலாம், திரும்பியும் போகலாம். அதில் யுஇடிஆர் என்று 36 எழுத்துள்ள ஓர் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு உங்கள் வங்கிக் கிளையில் அந்நியச் செலாவணி பார்ப்பவரிடம் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். பிடிஎஃப்-இல் இருக்கும் போன் நம்பருக்கோ லிங்க்குக்கோ போகவே கூடாது. அவையும் அதே ஆள் போட்டதாக இருக்கலாம்.

ஓசூர் ரோடு:
வாங்குபவர் நல்லவரா கெட்டவரா என்று துப்பறிய வேண்டியதில்லை. அவர் நிஜமானவர் என்றால் கீழே சொல்லும் வழி அவருக்கும் சுலபம்.

வெளிநாட்டுப் பணம் நேராக உங்கள் கணக்குக்கு வரவே வேண்டாம். அவர் தன்னுடைய என்ஆர்இ (வெளிநாடு வாழ் இந்தியருக்கான) கணக்குக்கோ அப்பாவின் கணக்குக்கோ அனுப்பிக்கொள்ளட்டும். மாற்று விகிதம், இடைவங்கி பிடித்தம், நோக்கம் என்ன என்று வங்கி கேட்கும் கேள்வி எல்லாம் அந்தப் பக்கமே முடிந்துவிடும். அங்கிருந்து உங்களுக்கு ரூபாயில் ஆர்டிஜிஎஸ், அதாவது பெரிய தொகையை வங்கிக்கு வங்கி நேராக அனுப்பும் முறை. குறைந்தபட்சம் 2 லட்சம், 2020 டிசம்பரிலிருந்து எல்லா நாளும் 24 மணி நேரமும் ஓடுகிறது. கணக்கில் ஏறிய ஆர்டிஜிஎஸ் பணத்தை அனுப்பியவர் தன் இஷ்டத்துக்குத் திரும்ப இழுக்க முடியாது. செக்கும் டிடியும் அப்படியில்லை. டிடி போலியாக இருக்கலாம், செக் கணக்கில் தெரிந்த பிறகும் திரும்பலாம்.

ஒரு சிக்கல் வரும்: புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாளில் பெரிய தொகை அனுப்ப நிறைய வங்கி ஆப்கள் விடாது. அதனால் உங்கள் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி-யையும் முன்னாடியே சேர்க்கச் சொல்லுங்கள். 1 ரூபாய் அனுப்பிப் பெயர் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அப்பா கிளைக்குப் போய்த்தான் அனுப்புவார் என்றால் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி இருக்காது.

பணம் வந்ததை உங்கள் ஆப்பைத் திறந்து ஸ்டேட்மெண்டில் பாருங்கள். எஸ்எம்எஸ் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

கே.ஆர்.புரம் வாசி:
நன்றி. 50,000 பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது "பெங்களூர்ல என் ஃபிரண்டு இருக்கான், அவன் அக்கவுண்ட்ல இருந்து இன்னைக்கே போடச் சொல்றேன், பாதி கேஷா கொடுத்துடறேன்" என்கிறார்.

கவுண்ட்டர் எண் 3:
இரண்டுமே வேண்டாம். மூன்றாம் ஆள் கணக்கிலிருந்து வருவது யாரோ ஏமாந்தவரின் பணமாக இருந்தால், அவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் கொடுத்ததும் பணம் போன தடத்தில் உங்கள் கணக்கும் மாட்டும். வங்கி முடக்கி வைத்துவிடும். புகார் பதிவானது வேறு மாநிலமாக இருந்தால் அங்கே எழுதிப் போராட வேண்டும். ஆர்டிஜிஎஸ் என்றாலும் இதிலிருந்து தப்பிக்க முடியாது. ஆகவே ஒப்பந்தத்தில் யார் பெயரோ, பணம் அதே பெயரிலிருந்து வர வேண்டும். மகன் கணக்கிலிருந்து வந்தால், "அப்பாவுக்காக நான் செலுத்துகிறேன்" என்று அவர் கையெழுத்திட்ட கடிதமும் பாஸ்போர்ட் நகலும் வாங்கி வையுங்கள்.

ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போடலாம்.

ஆர்டிஓ வாசல்:
காகித வரிசை முக்கியம். வண்டி தமிழ்நாட்டுக்குப் போவதால் ஃபார்ம் 28 போட்டு கே.ஆர்.புரம் ஆர்டிஓ-வில் என்ஓசி (தடையின்மைச் சான்று) எடுக்க வேண்டும். போக்குவரத்து அபராதச் சலான் பாக்கி இருந்தால் என்ஓசி நிற்கும், முதலில் கட்டுங்கள். என்ஓசி வந்த பிறகு அவர் பின்வாங்கினால் அதை ரத்து செய்யாமல் இங்கே வேறு யாருக்கும் பெயர் மாற்ற முடியாது. அதனால் அட்வான்ஸ் வாங்காமல் விண்ணப்பிக்காதீர்கள்.

பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29 இரண்டு பிரதி, ஃபார்ம் 30, ஒரிஜினல் ஆர்சி, இரண்டாவது சாவி எல்லாம் முழுப் பணம் ஏறிய பிறகுதான். வாங்குபவர் பெயர், தேதி காலியாக விட்ட ஃபார்மில் கையெழுத்துப் போடவே கூடாது. டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும், ஓடிய கிலோமீட்டரும், ஆர்டிஜிஎஸ்-இன் யுடிஆர் எண்ணும் (அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண்) எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்குங்கள். டிரான்ஸ்போர்ட் ஆள் கையெழுத்து உதவாது. ஃபாஸ்டேகை அன்றே மூடிவிடுங்கள்.

ஓசூர் ஆர்டிஓ-வில் (டிஎன்-70) பெயர் மாறியதை அரசின் வாகன் இணையதளத்தில் பார்க்கும் வரை விடாதீர்கள். ஆர்சி-யில் பெயர் இருப்பவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கே.ஆர்.புரம் வாசி:
அப்பாவிடமே போனில் பேசினேன், அவர் கணக்கிலிருந்து ஆர்டிஜிஎஸ் போட ஒத்துக்கொண்டார். அட்வான்ஸை யுபிஐ-இல் வாங்கலாமா? ஆர்சி, ஆதார் போட்டோ கேட்கிறார்.

ஓசூர் ரோடு:
அட்வான்ஸ் யுபிஐ-இல் வாங்கலாம். பணம் வாங்க பின் நம்பர் போட வேண்டியதில்லை, கியூஆர் ஸ்கேன் பண்ண வேண்டியதில்லை. அதைக் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஆதாரில் முதல் எட்டு இலக்கம் மறைத்த பிரதியைக் கொடுங்கள். ஆர்சி போட்டோவில் குறுக்கே "இந்த விற்பனைக்கு மட்டும்" என்று தேதியுடன் எழுதி, சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களை மறைத்து அனுப்புங்கள். சுத்தமான நகல் வெளியே போனால், உங்கள் வண்டியைக் காட்டியே அடுத்தவரிடம் அட்வான்ஸ் வாங்கிவிடுவார்கள்.