நடுக்கடல் விளக்கு: மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

திருநகர் மாலுமி
கொழும்பிலிருந்து ஏடன் போகும் வழி. இரவு இரண்டு மணி இருக்கும். எஞ்சின் அறைச் சூடு தாங்காமல் மேலே வந்து நின்றேன். தூரத்தில் லட்சத்தீவின் மினிக்காய் கலங்கரை விளக்கு, 1885-இல் கட்டியது. ஆனால் என் கண்ணில் நிற்பது செகண்ட் ஆபீசரின் உதடுகள்தான். கையில் ஸ்டாப்வாட்ச். வெளிச்சம் வந்து போனதும், அடுத்தது வரும்வரை வாய்க்குள் எண்ணினார். மூன்று முறை எண்ணிவிட்டுத்தான் வரைபடத்தில் பென்சில் குறி வைத்தார்.

"அதான் நல்லாத் தெரியுதே சார்" என்றேன்.

"விளக்குன்னு தெரியுது. ஒவ்வொண்ணும் மின்னுற இடைவெளி வேற. எந்த விளக்குன்னு எண்ணினாத்தான் தெரியும்."

எத்தனையோ தடவை அந்த வழியில் போனவர் அவர். அன்றைக்கும் எண்ணினார்.

மேலூர்ப் பொறியாளர்
அண்ணே, மினிக்காய் மக்கள் குடியிருக்கும் தீவு. நடுக்கடல் விளக்கு என்றால் எடிஸ்டோன்தான். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலில், அலைக்கு அடியில் மறைந்து தலைகாட்டும் பாறை. 1698-இல் எழுந்த முதல் கோபுரம் 1703 புயலில் போனது. கட்டியவரும் அன்று உள்ளேதான் இருந்தார். அடுத்தது பெரும்பாலும் மரம், 1755-இல் எரிந்தது. அப்புறம்தான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் கல்லில் கட்டினார், 1759. அடி அகன்று மேலே ஒடுங்கும் ஓக் மரம் போல வடிவம்.

பாலிடெக்னிக் படித்தபோது அதுதான் என் புராஜெக்ட். கல்லோடு கல் கோக்கும் விதத்தைக் காட்ட, மேலூர் பக்கம் அம்மி, படிக்கல் கொத்தும் பட்டறைக்குப் போனேன். ஒரு கல்லின் ஓரம் வால் மாதிரி விரிந்திருக்கும், அடுத்த கல்லில் அதற்கு அச்சாகக் குழி. சாண் அளவில் இரண்டு துண்டு கேட்டேன். அந்தப் பெரியவர் படத்தைத் தரையில் விரித்து, மேலே உளியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நாலு நாளில் கொத்தித் தந்தார். கோத்துப் பக்கவாட்டில் இழுத்தேன், அசையவில்லை. அவர் வாங்கி, ஒன்றை மட்டும் மேலே தூக்கினார். கழன்று வந்தது.

"இழுத்தா வராது, சரி தம்பி. கடல் கீழேருந்து தூக்குனா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஸ்மீட்டனும் இதை யோசித்திருக்கிறார் என்று பிறகு படித்தேன். ஒவ்வொரு வரிசையையும் கீழ் வரிசையோடு ஓக் முளை அடித்து இறுக்கினார். வரிசைகள் வழுக்காமல் இருக்க, பாதி கீழும் பாதி மேலுமாகப் பளிங்குக் கட்டைகள் வைத்தார். மேலே ஏறும் பாரம் மீதியைப் பார்த்துக்கொண்டது. ஆனால் கல்லையே மேலும் கீழும் பூட்டிக் கட்டியது, அதே பாறைத் தொகுதியில் 1882-இல் டக்ளஸ் என்ற பொறியாளர் முடித்த கோபுரம். பெரியவர் கேட்ட பூட்டு அதுதான். போய்ச் சொல்லலாம் என்று போனபோது பட்டறை இருந்த இடத்தில் கம்பிவேலி.

கீழவாசல் சுண்ணாம்புக்காரர் பேரன்
கல்லைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான் தம்பி. எடிஸ்டோனுக்கு நேர்க்கரையில் இருக்கும் பிளிமத் ஊரில் நான் ஸ்மீட்டன் கோபுரத்துக்குள் ஏறியிருக்கிறேன். 1882-க்குப் பிறகு மேல்பகுதியைப் பிரித்துக் கொண்டுவந்து கரைமேட்டில் நிறுத்தினார்கள். அடிப்பகுதி இன்னும் கடலில் நிற்கிறது. கோபுரம் பழுதாகவில்லை, கீழே பாறையைத்தான் அலை அரித்தது. படியேறும்போது கல் இடுக்கில் விரலை ஓட்டினேன். நகம் நுழையவில்லை. என் தாத்தா நினைவு வந்து அங்கேயே நின்றுவிட்டேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

தண்ணீருக்குள் இறுகும் சுண்ணாம்பு கிடைக்காமல் அந்தக் கோபுரம் இல்லை. ஸ்மீட்டன் ஊர் ஊராகச் சுண்ணாம்புக்கல் வரவழைத்து, குழைத்து உருண்டை பிடித்து, தண்ணீரில் போட்டுப் பார்த்தார். களிமண் கலந்த கல்லிலிருந்து வந்த சுண்ணாம்புதான் கரையாமல் இறுகியது. அதோடு இத்தாலிய எரிமலைச் சாம்பலைச் சரிபாதி சேர்த்தார். நம் திருமலை நாயக்கர் மகாலும் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும்தான். அதனால் சொல்கிறேன்: பழைய வீடு வைத்திருப்பவர்கள் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசாதீர்கள். சுவர் குடித்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், உப்புப் பூக்கும், இரண்டு மூன்று மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாக உதிரும். கொத்தனார் "சிமெண்ட்தான் ஸ்ட்ராங்" என்பார், கேட்காதீர்கள். சுண்ணாம்பை நன்றாக நீற்றிப் புளிக்கவிட்டு, கடுக்காய்த் தண்ணீர் விட்டு, மெல்லிதாக இரண்டு மூன்று பூச்சாகப் பூசச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் காய நாள் கொடுங்கள். அவசரப்படுபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

திருநகர் மாலுமி
எடிஸ்டோனில் இப்போது ஆள் இருக்கிறார்களா?

மேலூர்ப் பொறியாளர்
இல்லை அண்ணே. 1982-இல் தானியங்கியாக்கிவிட்டார்கள். விளக்குக்கு மேலே ஹெலிகாப்டர் தளம், பழுது பார்க்க மட்டும் ஆள் இறங்குவார்கள்.

அந்த இரண்டு கல்லும் என் மேசைமேல் இருக்கின்றன. மேலும் கீழும் பூட்டும் மூன்றாவது கல்லைக் கொத்த வேண்டும். டக்ளஸ் கோபுரத்தின் படம் கையில் இருக்கிறது. மேலூர், திருவாதவூர் பக்கம் மெஷின் இல்லாமல் உளியால் கொத்தும் ஆள் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.