முரண்தொடுப்பு: கிரிஃபித்தின் 1909 குறும்படங்களுக்கு ஒரு சொல்

வணக்கம்.

ஊமைப்படங்களைப் பற்றி எழுதும்போது 'இணைத்தொகுப்பு' (வெவ்வேறு இடத்துக் காட்சிகளை மாறிமாறி ஒட்டுவது) என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைக்குப் பயன்படுத்துகிறோம். அமெரிக்க இயக்குநர் கிரிஃபித், பயோகிராஃப் படநிறுவனத்தில் 1909இல் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்தால் சிக்கல் புரியும்.

'தி லோன்லி வில்லா'வில் வாசலில் திருடர்கள், அறைக்குள் தாயும் மகள்களும், வழியில் விரைந்துவரும் தந்தை. எல்லாம் ஒரே நேரத்தில் நடந்து, ஒரே அறையில் வந்து முடிகின்றன. 'எ கார்னர் இன் வீட்' அப்படியல்ல. கோதுமையை வளைத்துப்போட்ட முதலாளியின் விருந்தை அடுத்து ரொட்டிக்கடை வரிசை வருகிறது. 5 சென்ட் ரொட்டி அங்கே 10 சென்ட். முதலாளி, ஏழைகள், விதைக்கும் உழவர் மூவரும் கடைசிவரை சந்திப்பதே இல்லை.

முதலாவதை 'ஊடுவெட்டு' எனலாம், இரண்டாவதை 'எதிர்வெட்டு' எனலாம்.

---

> இரண்டாவதை 'எதிர்வெட்டு' எனலாம்

ஊடுவெட்டு பொருத்தம். மற்றது வேண்டாம் ஐயா. உரையாடல் காட்சியில் கேமரா எதிர்ப்பக்கம் மாறுவதோடு வாசகர் குழப்பிக்கொள்வார்.

நம் யாப்பிலேயே முரண்தொடை இருக்கிறது. அடிதோறும் முதலில் வரும் சொல் முரண்படுவதுபோல இங்கே ஷாட்தோறும் முரண். சொல்லாலும் பொருளாலும் முரணுவதைத் தொல்காப்பியம் சொல்கிறது. இந்தப் படத்திலும் அந்த இரண்டும் உண்டு. பொருளில் செல்வமும் பசியும். வடிவில் விருந்தின் பரபரப்பும் வரிசையின் அசைவின்மையும். அந்த வரிசை, ஃபிலிமை உறையவைத்துச் செய்ததல்ல. நடிகர்களே சிலைபோல நிற்கிறார்கள். அபாரமான தேர்வு அது! ஆகவே 'முரண்தொடுப்பு'. ஃபிலிம் துண்டுகளை ஒட்டுவதும் தொடுப்பதுதானே.

திரையிடுவோர் கவனிக்க: 35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 சட்டங்கள் (தனித்தனிப் படங்கள்). நொடிக்கு 16 சட்டம் என்றால் 1000 அடி ரீல் சுமார் 16 நிமிடம் 40 நொடி ஓடும்; 24 என்றால் 11 நிமிடம்தான். வேகம் கூடினால் விருந்து கோமாளித்தனமாகத் துள்ளும், வரிசை மனதில் பதியுமுன் போய்விடும். முரணே கெட்டுவிடும்.

---

இயக்குநர் போர்ட்டர், எடிசன் நிறுவனத்துக்காக 1905இல் எடுத்த 'தி கிளெப்டோமேனியாக்'கும் இதில் அடங்குமா? பணக்காரப் பெண்ணும் திருடுகிறாள், ஏழைப் பெண்ணும் ரொட்டி திருடுகிறாள். ஒருத்திக்கு விடுதலை, மற்றவளுக்குச் சிறை. முடிவில் நீதிதேவதையின் தராசில் பொன்மூட்டை ரொட்டியைவிடக் கனக்கிறது.

---

அடங்காது என்பேன். அங்கே ஒருத்தியின் திருட்டு முழுவதும் காட்டியபிறகுதான் அடுத்தவள் வருகிறாள். இருவரும் நீதிமன்றத்துக்கும் வந்துவிடுகிறார்கள். கருத்து முரண்தான், ஆனால் துண்டுகள் மாறிமாறி வரவில்லை. அதை 'முரண்கதை' என்று தனியே குறிக்கலாம்.

'எதிர்வெட்டை' விலக்கிக்கொள்கிறேன். கலைச்சொல் பதிவுக்கான வரைவு:

முரண்தொடுப்பு (பெ.): எதிரெதிர் நிலையிலுள்ளோரின் காட்சித்துண்டுகளை மாறிமாறி ஒட்டி, ஒப்பீட்டால் பொருள் உண்டாக்கும் தொகுப்புமுறை. ஒரே நேரத்தில் நடப்பதோ பாத்திரங்கள் சந்திப்பதோ தேவையில்லை. வினை: முரண்தொடு. ஊடுவெட்டுக்கும் இதற்கும் பொதுச்சொல்: இணைத்தொகுப்பு.