நடுக்கவாதக் குளிசையும் பி6 உம்: வாழைப்பழத்தை ஏன் இழுக்கிறியள்?

கோண்டாவில் மருந்தாளர்: பார்க்கின்சன் எண்ட நடுக்கவாதம் உள்ளவை விற்றமின் பி6 பக்கமே போகக்கூடாது, வாழைப்பழமும் ஆகாது எண்டு தீவகத்தான் எழுதினதைக் கனபேர் பரப்புகினம். ஒரு வாழைப்பழத்தில பி6 அரை மில்லிகிராம் அளவும் வராது. 1969இல பிழை கண்டது, மூளைக்குள்ள டோபமினா மாறி நடுக்கத்தைக் குறைக்கிற லெவோடோபா மருந்தைத் தனியக் குடிச்சவையில. அதுக்கு 10 தொடக்கம் 25 மில்லிகிராம் பி6 போதும், மருந்து வேலை செய்யாது. இப்ப குளிசையில லெவோடோபாவைக் காக்கிற கார்பிடோபாவும் சேர்ந்து வருகுது. கதை முடிஞ்சுது.

சுன்னாகத்தான்: முடியேல்லை. எவ்வளவு கார்பிடோபா? லெவோடோபாவை மூளைக்கு வெளியிலயே டோபமினாக்கிற நொதியை அடக்க நாளுக்கு 70 தொடக்கம் 100 மில்லிகிராம் வேணும். வெளியில உண்டான டோபமின் மூளைக்குள்ள போகாது. வயித்தைப் பிரட்டும், நடுக்கம் நிக்காது. பி6 அந்த நொதிக்குத் துணை. 110 குளிசையின்ர மட்டையைத் திருப்பிப் பாருங்கோ: லெவோடோபா 100, கார்பிடோபா 10. மூண்டு வேளைக்கு 30. அதோட 200 மில்லிகிராம் பி6 உள்ள நரம்புக் குளிசையையும் போட்டால்?

தீவகத்தான்: அப்ப நான் சொன்னது சரிதானே!

சுன்னாகத்தான்: நீங்கள் சொன்னது வாழைப்பழம். நான் சொல்லுறது 30.

கரவெட்டி வாசகி: அண்ணை, மற்றப் பக்கத்தையும் பாருங்கோ. கார்பிடோபாவே உடம்பில உள்ள பி6ஐப் பிடிச்சு முடக்கும். அளவு கூடினவைக்கு பி6 குறைஞ்சு ரத்தசோகை, கால் விறைப்பு, சிலருக்கு வலிப்பும் வரும். லெவோடோபாவை நெடுகக் குடிச்சால் பி12 உம் இறங்கும். சலரோகத்துக்கு மெற்போமின் போடுற சைவக்காரருக்குச் சொல்லவே தேவையில்லை. பி12ஐச் சோதிக்காமல் கண்டபடி குளிசை வாங்கக்கூடாது.

கோண்டாவில் மருந்தாளர்: அதைத்தான் நானும் சொல்லுறன், பி6ஐ ஒரேயடியா விலக்கினால் ஆபத்து. உண்மையில மருந்தைக் கெடுக்கிறது இரும்புக் குளிசையும் இறைச்சி, மீன் சாப்பாடும். லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முதல் போடவேணும். இரும்புக்கு ரெண்டு மணித்தியாலமாவது இடைவெளி விடவேணும்.

சுன்னாகத்தான்: இரும்புக்கு ஓடாதேங்கோ. 30க்குப் பதில் சொல்லுங்கோ.

தீவகத்தான்: உங்களுக்கு எல்லாம் தெரியும். விற்றமின் ஈ நல்லதெண்டு எழுதினதுக்கும் நீங்கள்தான் குறுக்க நிண்டனீங்கள்.

சுன்னாகத்தான்: இப்பவும் நிப்பன். அமெரிக்கா, கனடாவில 800 நோயாளரை வைச்சு, ஒரு பகுதியாருக்கு நாளுக்கு 2000 அலகு விற்றமின் ஈ குடுத்துப் பார்த்தவை. 1993இல முடிவு வந்தது: நோய் மெதுவாகேல்லை.

கோண்டாவில் மருந்தாளர்: சரி, கார்பிடோபா 25, லெவோடோபா 100 உள்ள 25/100 குளிசையை எழுதினால் மூண்டு வேளைக்கு 75 வருந்தானே.

சுன்னாகத்தான்: எழுதினால்! துண்டில 110 எண்டால் 30தான். லெவோடோபா 250, கார்பிடோபா 25 உள்ள 275ஐப் பாதியாக்கி மூண்டு வேளை போட்டாலும் 37 அரை. நரம்புக் குளிசை விக்கேக்க அதை ஆர் பார்க்கினம்?

கோண்டாவில் மருந்தாளர்: பாமசிக்காரரில பழி போடாதேங்கோ. கார்பிடோபா இருக்கிறது இருக்கிறதுதான்.

கரவெட்டி வாசகி: மாசக்கணக்கா 200 மில்லிகிராம் பி6 போட்டால் பாதம் விறைச்சு நடை தள்ளாடும். அதை நோய் முத்தினதெண்டு நினைச்சு லெவோடோபாவைக் கூட்டுகினம். அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை.

சுன்னாகத்தான்: கதைப்பம். முதல்ல 30.