ரியாக்டிவ் பிளாக் 5: செல் வெளுக்கிறது, என்சைம் சாறு அசையவில்லை

நொய்யல் ஆற்று வண்டலில் பிரித்தெடுத்த பேசில்லஸ் பாக்டீரியா. குலுக்காமல் 37 டிகிரியில் வைத்தால், லிட்டருக்கு 50 மில்லிகிராம் ரியாக்டிவ் பிளாக் 5 (துணிக்குப் போடும் கறுப்பு அசோ சாயம்) ஒரே இரவில் வெளுத்துவிடுகிறது. சாயம் செல்லில் ஒட்டிக்கொள்ளவில்லை. சென்ட்ரிஃபியூஜ் குழாயின் அடியில் படிவது வெளிர்மஞ்சளாகவே இருக்கிறது. ஆட்டோகிளேவில் கொன்ற செல்லில் சாயத்தின் ஒளி உறிஞ்சல் (597 நானோமீட்டர்) இறங்குவதே இல்லை.

சிக்கல், செல்லை உடைத்த பிறகுதான். ஐஸில் வைத்து சோனிகேட் செய்து (ஒலியலையால் உடைத்து), 4 டிகிரியில் 12,000 ஆர்பிஎம்மில் சுற்றி எடுத்த தெளிவில் என்ஏடிஹெச் (எலக்ட்ரான் தரும் துணைப்பொருள்) சேர்த்தால் மெத்தில் ரெட் என்ற இன்னொரு அசோ சாயத்தின் உறிஞ்சல் (430 நானோமீட்டர்) சில நிமிடத்தில் இறங்குகிறது. ஆக, அசோ பிணைப்பை உடைக்கும் என்சைமான அசோரிடக்டேஸ் சாகவில்லை. பிளாக் 5 மட்டும் அப்படியே நிற்கிறது.

நைட்ரஜன் ஊதி ஆக்சிஜனை விரட்டியாயிற்று. எஃப்எம்என் (என்சைமின் துணைக்காரணி) 20 மைக்ரோமோலார் சேர்த்தாயிற்று. பிஹெச் 6 முதல் 8 வரை, புரதச் சிதைவைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப், எல்லாம் பார்த்தாயிற்று. என்ஏடிஹெச்சுக்குப் பதில் என்ஏடிபிஹெச்சுக்கு மாற்றியதில் காசு கரைந்ததுதான் மிச்சம்.

எதிர்மின்சுமை கொண்ட நான்கு சல்ஃபோனேட், சல்ஃபேட் தொகுதிகளைச் சுமக்கும் இந்தச் சாயம் செல்லுக்குள் எளிதில் நுழையாது. அதனால் உண்மையான வேலை சவ்வில், ஏதோ எலக்ட்ரான் கடத்தி வழியாக நடப்பதாகச் சந்தேகம். சவ்வுப் பகுதியைத் தனியாக இன்னும் சோதிக்கவில்லை.

சவ்வுப் பகுதியோடு, எலக்ட்ரான் கடத்தியாக ரைபோஃபிளேவினோ ஆந்த்ராகுவினோன் சல்ஃபோனேட்டோ சேர்த்து பிளாக் 5-ஐ வெளுக்க வைத்தவர்கள், எந்தச் செறிவில் செய்தீர்கள்?